பர்மா தோட்டாவும் துரை குடுத்த கத்தியும்

வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்னைக்கு மட்டும், எங்க வீட்டு பரண் மேல இருந்து ஒரு தகர டப்பா கீழ இறங்கும். அப்பாவோட மண்வெட்டி, கடப்பாரை, என்னோட அளவு பாக்கற வெர்னியர், தங்கச்சியோட லேப்டாப், ஸ்கூட்டி சாவி எல்லாத்துக்கும் பொட்டு வச்சு முடிச்ச பிறகு கடைசியா அந்த டப்பாவ திறந்து, உள்ள இருக்கற ஒரு மடக்கு கத்திக்கும் ஒரு காலி தோட்டாவுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாங்க. தாத்தா சாமான். கூட ரெண்டு ஓட்டை காலணா, ஒரு சுண்ணாம்பு டப்பி. கதை என்னன்னா தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல பர்மா போயிருந்தாரு, தோட்டா அங்க சுட்டது, கத்தி அவரோட வெள்ளைக்கார துரை சாகற நேரத்துல கைல குடுத்தது. எங்க அப்பா இத சொல்லும்போது துரை சாகற இடத்துல குரல் கொஞ்சம் தாழும். கத்தியோட பின்பக்கம் எலும்புல தட்டையா ஒரு நாக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கும், அது எதுக்குன்னு கேட்டா “உடம்புல பாஞ்ச குண்ட நோண்டி எடுக்கறதுக்குடா”ன்னு பதில் வரும். ஸ்கூல்ல இத சொல்லி நான் சம்பாதிச்ச மரியாதை கொஞ்சநஞ்சம் இல்ல.

நான் ஓசூர்ல ஒரு மெஷின் ஷாப்ல குவாலிட்டி பாக்கறேன். பத்து மைக்ரான் கூட இருந்தா பீஸ திருப்பி அனுப்பற வேலை. ஊர்ல இருக்கறவன் பீஸையெல்லாம் இப்படி அளந்து தள்ளறவன், வீட்டு பரண்ல இருக்கற ரெண்டு பீஸ நாப்பது வருஷமா பொட்டு வச்சு கும்புட்டு திருப்பி மேல ஏத்திட்டு இருந்திருக்கேன். போன வருஷம் பூஜை முடிஞ்சதும் டப்பாவ மேல ஏத்த விடல.

முதல்ல கத்தி. பழைய மடக்கு கத்தி கைல கிடைச்சா எல்லாரும் பிடியத்தான் பாப்பாங்க, பளபளன்னு இருக்கா, கொம்பா தந்தமான்னு. பாக்க வேண்டிய இடம் அது இல்ல. பிளேட முழுசா திறந்து, அது பிடிக்குள்ள போய் சேர்ற அடிப்பகுதி இருக்குல்ல, கூர் இல்லாத அந்த குட்டி சதுர இடம், அங்கதான் செஞ்சவன் முத்திரை இருக்கும். கத்திக்கு ஜாதகம் எழுதற இடமே அதுதான். துரு புடிச்சிருந்தா உப்புத்தாள் எடுத்து தேய்க்காதீங்க, தயவுசெஞ்சு. எழுத்தோட ஆழமே ஒரு முடி கனம்தான், ரெண்டு இழுப்புல போயிடும். மண்ணெண்ணெய்ல ரெண்டு நாள் ஊற வச்சு பழைய பனியன் துணியால துடைச்சா போதும், அப்புறம் லைட்ட அணைச்சுட்டு செல்போன் டார்ச்ச படுக்க வச்சு பக்கவாட்டுல அடிச்சா எழுத்தோட நிழல் எந்திரிச்சு நிக்கும். நேரா மேல இருந்து அடிச்சா ஒண்ணும் தெரியாது. எங்க ஷாப்ல கீறல் பாக்கறதே இப்படித்தான்.

எங்க கத்தியில எந்திரிச்சது ரெண்டு வார்த்தை. சோலிங்கன். அடியில ஜெர்மனி. அதுக்கு மேல ஏதோ பேரு இருந்திருக்கு, சாணை புடிக்கிறவரு ஒருத்தரு கல்லுல போட்டு அத அரைச்சு எடுத்துட்டாரு.

அப்பாகிட்ட ஓடிப்போய் சொன்னேன், அப்பா இது ஜெர்மன் கத்திப்பான்னு. அவரு ஒரு நிமிஷம் யோசிச்சாரு, அசரவே இல்ல, “அப்ப துரை அத ஒரு ஜெர்மன்காரன்கிட்ட இருந்து புடுங்கியிருப்பான்”னாரு. பர்மாவுல ஜெர்மன்காரன் எங்கப்பா வந்தான், அங்க ஜப்பான்காரன்தானன்னா, “ரெண்டு பேரும் ஒரே கட்சிதானே”ங்கறாரு. கதைன்னா இப்படித்தான், ஒரு பக்கம் ஓட்டை விழுந்தா இன்னொரு பக்கத்துல இருந்து துணி எடுத்து ஒட்டு போட்டுக்கும்.

சரி, அந்த காலத்து கத்தின்னாலே நம்ம பக்கம் ரெண்டு ஊருதான். இங்கிலாந்துல ஷெஃபீல்டு, ஜெர்மனியில சோலிங்கன். ஷெஃபீல்டுன்னா ஜோசப் ராட்ஜர்ஸ், ஒரு நட்சத்திரமும் பக்கத்துல ஒரு சிலுவையும் அதோட முத்திரை, அந்த சிலுவை நாலு பக்கமும் விரிஞ்ச மால்டா சிலுவை. அதுக்கு இந்தியாவுல இருந்த மவுசுக்கு அளவே இல்ல, அதனால போலியும் ஏராளம், ராட்ஜர்ஸ்ல ஒரு எழுத்த மட்டும் முழுங்கிட்டு ராஜர்ஸ்னு அடிச்சு விட்ருப்பாங்க, வாங்கறவன் இங்கிலீஷ் எழுத்து கூட்டி படிச்சா பாப்பான்! நிஜ ஷெஃபீல்டு கத்தியில சில சமயம் கிரீடம் போட்டு ரெண்டு பக்கமும் ராஜா ராணியோட முதல் எழுத்து இருக்கும், வி ஆர்னா விக்டோரியா, 1901க்குள்ள, இ ஆர்னா ஏழாம் எட்வர்டு, 1901ல இருந்து 1910 வரைக்கும், ஜி ஆர்னா அதுக்கப்புறம் வந்த ஜார்ஜுங்க. சோலிங்கன்னா ஹென்கெல்ஸ் கம்பெனியோட ரெட்டைப் புள்ளைங்க முத்திரை, ரெண்டு ஆளுங்க கைய கோத்துட்டு நிக்கற மாதிரி, 1731லயே பதிஞ்சது. அந்த ரெட்டையர் எங்க கத்தியில இல்ல, நானும் லென்ஸ் வச்சு தேடிப்பாத்துட்டேன்.

வயசு கண்டுபுடிக்கறதுக்கு நான் புடிச்சுக்கிட்ட ஒரே கயிறு இதுதான்: ஒரு பொருள்ல இருக்கற அடையாளங்கள்ல எது ரொம்ப பிந்தி வந்ததோ, அதுக்கு முன்னாடி அந்த பொருள் பொறந்திருக்க முடியாது. ஒரு கல்யாண பத்திரிகையில தேதி கிழிஞ்சு போயிருந்தாலும் விலாசத்துல பின்கோடு இருந்தா அது 1972 ஆகஸ்டுக்கு அப்புறம் அடிச்சதுன்னு அடிச்சு சொல்லலாம்ல, அந்த மாதிரி. கத்தியில நாட்டுப் பேரு இருக்கறது அப்படி ஒரு பின்கோடு. 1887ல இங்கிலாந்துல ஒரு சட்டம், 1889ல அதே மாதிரி இந்தியாவுல ஒரு சட்டம், 1890ல அமெரிக்காவுல ஒண்ணு, எல்லாம் சுத்தி வளைச்சு சொன்னது ஒண்ணுதான், வெளிநாட்டு சரக்க உள்நாட்டு சரக்கு மாதிரி காட்டி விக்காதே, எந்த நாட்டுல செஞ்சதுன்னு போடு. ஜெர்மன் கத்திங்க ஷெஃபீல்டு கத்தி மாதிரி வேஷம் போட்டு வந்து இங்கிலாந்துக்காரன் வியாபாரத்த கெடுத்ததுதான் இதுக்கெல்லாம் பெரிய காரணம். அதனால வெறும் ஊர் பேரு மட்டும் இருந்தா அது ரொம்ப பழசா இருக்க வாய்ப்பு உண்டு, ஜெர்மனின்னு நாடும் இருந்தா பெரும்பாலும் 1880களோட கடைசிக்கு இந்தப் பக்கம். மேற்கு ஜெர்மனின்னு இருந்தா 1949ல இருந்து 1990க்குள்ள, இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது, ஏன்னா அந்த நாடு இருந்ததே அவ்வளவு நாள்தான். எங்க கத்தியில வெறும் ஜெர்மனி. அப்போ பெரும்பாலும் போருக்கு முந்தினது, இல்லன்னா 1990க்கு பிந்தினது. தாத்தா செத்தது 1989. நடுவுல 1914ல இருந்து 18 வரைக்கும் ஜெர்மன் சரக்கு இங்க வர வாய்ப்பே இல்ல, சண்டை. 1939ல மறுபடியும் கதவு சாத்தியாச்சு. ஆக இந்த கத்தி கப்பல்ல வந்தது ஒண்ணு 1890 பக்கத்துல இருந்து 1914க்குள்ள, இல்ல 1920கள்ல இருந்து 1939க்குள்ள. ஒரு பீஸுக்கு இவ்வளவு பெரிய டாலரன்ஸ், அதாவது கூட குறைய இருக்கலாம்னு விடற அளவு, குடுத்தா எங்க மேனேஜர் என்னை வேலைய விட்டே தூக்கிடுவாரு, ஆனா பழைய கத்தி விஷயத்துல இதுவே நல்ல அளவு.

மீதி எல்லாம் இதுக்கு சாட்சி சொல்லணும், அவ்வளவுதான். பிளேடு கார்பன் ஸ்டீல், சாம்பல் கலர்ல கறை ஏறி எலுமிச்சம்பழம் வெட்டுனா கருத்துப்போற ஜாதி. துரு புடிக்காத ஸ்டீல ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி கண்டுபுடிச்சதே 1913ல, அது மடக்கு கத்திக்கெல்லாம் இறங்கி வர்றதுக்குள்ள 1920கள் ஆயிடுச்சு, அதனால பிளேடுல ரோஸ்ட்ஃப்ரைன்னோ ஐனாக்ஸ்னோ இருந்தா, ரெண்டுக்கும் துரு புடிக்காததுன்னுதான் அர்த்தம், அதுக்கு முந்தினதுன்னு யாராவது வித்தா வாங்காதீங்க. சுவிஸ் கத்தி விக்டோரினாக்ஸ் பேருல வர்ற அந்த ஐனாக்ஸும் இதுதான், முதல்ல விக்டோரியான்னு அம்மா பேர வச்சிருந்தாரு முதலாளி, 1921ல இந்த ஸ்டீல் வந்ததும் வால்ல அத ஒட்டிக்கிட்டாங்க. ஆனா கார்பன் ஸ்டீலா இருக்கறதாலயே ரொம்ப பழசுன்னும் சொல்ல முடியாது, தோட்டக்காரங்க கத்தி எல்லாம் இன்னைக்கும் கார்பன்ல வருது. பிடி எலும்பு, குறுக்க குட்டி குட்டி கருப்பு புள்ளியா நரம்பு ஓட்டை தெரியுது, அது இருந்தா எலும்பு, பிளாஸ்டிக்ல அது வராது. கடமான் கொம்பா இருந்தா மேல சொரசொரன்னு மரப்பட்டை மாதிரி இருக்கும், ஷெஃபீல்டுக்காரங்க அந்த கொம்ப நம்ம நாட்டுல இருந்துதான் கப்பல் கப்பலா கொண்டு போனாங்க, நம்ம காட்டு கடமான் கொம்பு அங்க போய் கத்தியா திரும்பி வந்து நமக்கே வித்திருக்கு. சூடு பண்ணின ஊசி வச்சு குத்தி பாருங்கன்னு சில பேரு சொல்வாங்க. வேண்டாம். பிடி செல்லுலாய்டா இருந்தா குப்புன்னு பத்திக்கும், கத்தியும் போச்சு கையும் போச்சு.

அந்த எலும்பு நாக்கு மட்டும் எனக்கு புரியவே இல்ல. குண்டு நோண்டற கத்தின்னு எங்கயும் ஒரு ஜாதி இல்ல. ரெண்டு வாரம் அத பாக்கெட்ல போட்டுட்டே அலைஞ்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு போயிட்டு வர்ற வழியில சந்தூர்ல மாங்கன்னு வாங்க நிறுத்தினோம், அம்மாவுக்கு ஒரு செந்தூரா வேணுமாம். நர்சரியில ஒரு பெரியவரு உக்காந்து ஒட்டு கட்டிட்டு இருந்தாரு. சும்மா பேச்சு குடுத்து கத்திய எடுத்து நீட்டினேன், அவரு வாங்கி, பிளேட திறந்து கட்டை விரல் நகத்துல வச்சு கூர் பாத்து, அந்த நாக்க ஒரு தடவ தடவிட்டு ரெண்டே செகண்டுல, “இது மொட்டு கட்டற கத்தி தம்பி, பட்டைய கீறிட்டு இதால தூக்கி உள்ள மொட்ட சொருகணும். ரோஜாவுக்கு, எலுமிச்சைக்கு எல்லாம். மாங்கன்னுக்கு இந்த நாக்கு வேண்டியதில்ல, கூர் இருந்தா போதும்”னாரு. எவ்வளவுக்கு தர்றீங்கன்னும் கேட்டாரு. நாப்பது வருஷமா குண்டு எடுத்த கத்திய ரெண்டு செகண்டுல ரோஜா செடிக்கு அனுப்பிட்டாரு மனுஷன்!

அன்னைக்கு ராத்திரியே காவேரிப்பட்டணத்துல இருக்கற அத்தைக்கு போன் போட்டேன். அத்தை சிரிச்சுது. “எங்கப்பா எங்கடா பர்மா போனாரு, கல்யாணத்துக்கு முன்னாடி பெங்களூர் போயினு வந்துனு இருந்தாரு, அங்க ஏதோ தோட்டத்துல வேலைன்னு அம்மா சொல்லும். அந்த எலும்பால அம்மா வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவும்டா, நானே பாத்திருக்கேன்.”

இங்கதான் நான் ஒரு தப்பு பண்ணேன், அத மறைக்காம சொல்லிடறேன். பெங்களூர்ல தோட்டம்னா லால்பாக். லால்பாக்ல 1908ல இருந்து 1932 வரைக்கும் பெரிய அதிகாரியா இருந்தவரு கிரும்பிகல், அவரு ஜெர்மன்காரரு. கத்தி ஜெர்மன். தாத்தா தோட்டக்காரரு. முடிஞ்சுது, கிரும்பிகல் துரை தாத்தாவுக்கு கத்திய பரிசா குடுத்தாருன்னு ஒரு மணி நேரத்துல முழு கதையும் கட்டி தங்கச்சிக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டும் போட்டுட்டேன். அவ திருப்பி ஒரே வரி அனுப்பினா: “அப்பா மாதிரியே பேசற.” நெஜம்தான். கத்தி சொன்னது சோலிங்கன், ஜெர்மனி, மொட்டு கட்டறது. அவ்வளவுதான் அது சொல்லிச்சு. சோலிங்கன் கத்தி அந்த காலத்துல பெங்களூர் கடையில காசு குடுத்தா யாருக்கும் கிடைச்சிருக்கும். துரை இல்லாம ஒரு கத்தி எங்க வீட்டுக்கு வரவே கூடாதா என்ன.

கத்திக்கு ஒரு வழியா ஊரும் தொழிலும் கிடைச்சாச்சு. இனி தோட்டா.

இந்த பக்கத்துல, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, அஞ்செட்டி, எங்க போனாலும் யார்கிட்டயாவது ஒரு தோட்டா இருக்கும், எல்லாமே திப்பு சுல்தான் தோட்டா. எங்க மாமா ஒருத்தரு கோட்டை மலை அடிவாரத்துல கிடைச்சதுன்னு ஒரு பித்தளை கூட்ட சாமி ரூம்லயே வச்சிருக்காரு. பித்தளை கூடு திப்பு காலத்துல கிடையவே கிடையாது மாமா, அப்போ எல்லாம் காகிதத்துல கரிமருந்தும் ஈயக்குண்டும் சுருட்டி வச்சிருப்பாங்க, சிப்பாய் பல்லால கடிச்சு கிழிச்சு குழல் வாயில கொட்டி கம்பியால குத்தி சுடணும், திப்பு செத்தது 1799, உலோக கூடு ராணுவத்துல புழக்கத்துக்கு வந்ததே 1860கள்லன்னு சொன்னா கேக்க மாட்டாரு. 1791ல கர்னல் மேக்ஸ்வெல் படை வந்து கிருஷ்ணகிரி கோட்டைய அடிச்சது நெஜம், மேல் கோட்டைய புடிக்க முடியாம திரும்பினதும் நெஜம். ஆனா அந்த சண்டையில மிச்சம் ஏதாவது கிடைச்சா அது ஈய உருண்டையா இருக்கும், கோலிகுண்டுல கொஞ்சம் பெருசு, மேல வெள்ளையா மாவு பூத்திருக்கும், கைல எடுத்தா சைஸுக்கு சம்பந்தமே இல்லாம கனக்கும். மாமாவோட கூட்டுல அடியில எழுத்து வேற இருக்கு, கே எஃப்னு. “பாத்தியா, கிருஷ்ணகிரி ஃபோர்ட்”னாரு. திப்பு சுல்தான் தோட்டாவுல எதுக்கு மாமா இங்கிலீஷ் எழுத்துன்னு கேட்டதுக்கு காபி சாப்பிடுன்னுட்டாரு.

கே எஃப்னா கிர்க்கி ஃபேக்டரி. புனே பக்கத்துல கட்கின்னு இப்ப சொல்ற ஊரு, 1869ல ஆரம்பிச்ச தோட்டா தொழிற்சாலை, இன்னைக்கும் ஓடுது. வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல தோட்டா அடிச்ச இன்னொரு இடம் கல்கத்தா பக்கம் டம்டம், அதோட முத்திரை ரெண்டு டி. அந்த ஊரு பேர வச்சுத்தான் உடம்புக்குள்ள போய் பூ மாதிரி விரியற குண்டுக்கு டம்டம் குண்டுன்னு உலகம் பூரா பேராச்சு, 1899ல ஹேக் மாநாட்டுல போர்ல அத பயன்படுத்தக்கூடாதுன்னு தீர்மானமே போட்டாங்க. ரெண்டு எழுத்துக்கு நடுவுல மேல் நோக்கி ஒரு அம்புக்குறி இருந்தா, கோழி கால் தடம் மாதிரி இருக்கும், அது அரசாங்க சொத்துன்னு வெள்ளைக்காரன் போட்ட அடையாளம். இதே கோழிக்கால் அந்த காலத்து பட்டாள கத்தியிலயும் இருக்கும், பெங்களூர் சண்டே பஜார்ல ஒண்ணு பாத்தேன், கருப்பு கட்டம் போட்ட பிடி, ஒரு பக்கம் தடிச்ச பிளேடு, டின் ஓப்பனர், பின்னாடி கயிறு பிரிக்கற பெரிய ஊசி, வருஷமும் அடிச்சிருந்தான், விலை கேட்டுட்டு கீழ வச்சுட்டேன். தனியா கே மட்டும் இருந்தா அது பர்மிங்காம் கைனாக் கம்பெனி. ஆர் எல் நடுவுல கோழிக்கால்னா லண்டன் வூல்விச்.

நம்ம ஊர்ல கிடைக்கற பித்தளை கூட்டுல பாதிக்கு மேல ஒரே ஜாதிதான், வெள்ளைக்காரன் காலத்து பட்டாள ரைஃபிளோட த்ரீ நாட் த்ரீ. இத கண்டுபுடிக்க எழுத்தே வேண்டாம். நீளம் 56 மில்லி, வெர்னியர் இல்லாதவங்க ஸ்கேல் வச்சு பாருங்க, போதும். அடியில விளிம்பு வெளிய நீட்டிட்டு இருக்கும், கிட்டத்தட்ட 13.7 மில்லி, மேல போகப்போக ஒடுங்கி பாட்டில் மாதிரி கழுத்து. அடி விளிம்பு வெளிய நீட்டாம உடம்போட சமமா இருந்து பக்கத்துல பள்ளம் ஓடினா அது பின்னாடி வந்த எஸ்எல்ஆர் மாதிரி துப்பாக்கியோடது, அதோட நீளம் 51. கழுத்தே இல்லாம த்ரீ நாட் த்ரீ மாதிரியே அடி இருந்தா குழம்பாதீங்க, அது ஃபோர் டென் மஸ்கட்ங்கற துப்பாக்கியோடது, கல்கத்தா பக்கம் இஷாப்பூர் தொழிற்சாலையில பழைய ரைஃபிளோட குழல மாத்தி போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும் குடுத்தது. வாய் பூ மொட்டு மாதிரி சுருக்கி வச்சிருந்த அடையாளம் இருந்தா வெத்து வேட்டு, குண்டே இல்லாதது, யாருக்காவது அரசு மரியாதை பண்ணும்போது சுட்டதா இருக்கும், அத பொறுக்கத்தான் பசங்க முந்தியெல்லாம் ஓடுவாங்க. காகித உடம்பும் பித்தளை அடியுமா கட்டை விரல் தண்டிக்கு இருந்தா பன்னெண்டு போர்ங்கற குழல் அளவு வேட்டை துப்பாக்கி, அடியில ஐசிஐன்னு இங்கிலாந்து கம்பெனி பேரு இருந்தா 1926க்கு அப்புறம், ஏன்னா கம்பெனியே அப்பத்தான் பொறந்துது. நாட்டுத்துப்பாக்கிக்கு கூடே கிடையாது, வாய் வழியா போடறதுதான், அதனால காட்டுல பித்தளை கூடு கிடைச்சா அது மலையில இருக்கற நாட்டுத்துப்பாக்கிக்காரங்க வேலை இல்ல.

ஒண்ணு மட்டும் இடையில சொல்லிடணும், இதுல விளையாட்டு வேண்டாம். அடியில நடுவுல இருக்கற வட்ட கேப்புல ஊசி அடிச்ச பள்ளம் இல்லன்னாலோ, மேல குண்டு இன்னும் உக்காந்திருந்தாலோ அது காலி இல்ல, உசுரோட இருக்கு. நூறு வருஷம் ஆனாலும் வெடிக்கும். தேய்க்காதீங்க, தட்டாதீங்க, பழைய இரும்பு கடையில போடாதீங்க, பக்கத்து ஸ்டேஷனுக்கு சொல்லுங்க. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா 1959 ஆயுத சட்டத்துல நேரா கேஸு. போன மாசம் ஒருத்தரு ஒண்ண கைல புடிச்சு போட்டோ எடுத்து இதோட வயசு என்னன்னு எனக்கு அனுப்பினாரு, அவரோட வயசு அதோட முடியாம இருக்கணும்னு பதில் போட்டேன்.

எங்க தோட்டாவுக்கு வர்றேன். 56.2 மில்லி, விளிம்பு 13.6, த்ரீ நாட் த்ரீதான். ஊசி பள்ளம் ஆழமா நல்லா இருக்கு. உள்ள டார்ச் அடிச்சு பாத்தா அடியில ரெண்டு குட்டி ஓட்டை, அத பெர்டன் முறைன்னு சொல்வாங்க, நடுவுல ஒரே ஓட்டைன்னா பாக்ஸர் முறை. பெர்டன் அமெரிக்கக்காரரு, பாக்ஸர் இங்கிலாந்துக்காரரு, ஆனா அமெரிக்காவுல பாக்ஸரும் இங்கிலாந்து ராணுவத்துல பெர்டனும் நிலைச்சு போச்சு, பொண்ணு மாத்தி பொண்ணு எடுத்த கல்யாணம் மாதிரி. எழுத்து படிக்கத்தான் கஷ்டம், ஏன்னா வருஷா வருஷம் பூஜைக்கு முன்னாடி அம்மா குத்துவிளக்கோட சேத்து இதையும் புளி போட்டு தேய்ச்சிருக்காங்க. நாப்பது வருஷ புளி. எழுத்து கரைஞ்சு, கரையாத பள்ளத்துல குங்குமமும் களிம்பும் கெட்டியா உக்காந்து கிடக்கு. மேல மெல்லிசு காகிதம் வச்சு பென்சில படுக்க வச்சு தேய்ச்சேன். கே எஃப் வந்துது. ஒரு ஏழு வந்துது. அப்புறம் வருஷம், ரெண்டு இலக்கம், 43.

1943. பர்மா போர் நடந்துட்டு இருந்த வருஷம். அப்பாகிட்ட காட்டினேன், அவரு ஒண்ணுமே சொல்லல, துண்ட எடுத்து முகத்த துடைச்சுட்டு வெளிய போயிட்டாரு. டப்பாவுல இருந்த ஓட்டை காலணா கூட 1943ல இருந்து 47 வரைக்கும் அடிச்சதுதான், எல்லாம் பொருந்தி வருது. அத்தை சொன்னது தப்பா இருக்கும், கத்தி ஒரு கதை தோட்டா ஒரு கதையா இருக்கும்னு நானும் நெனச்சேன். நெனக்க ஆசைப்பட்டேன்னு சொல்லணும்.

ஆனா அந்த ஏழு தூங்க விடல. வேலையில பழக்கம் அப்படி, ஒன்பது அளவு சரியா இருந்து ஒண்ணு இடிச்சா அந்த ஒண்ணத்தான் மனசு சுத்தும். 1910ல இருந்து இந்த தோட்டாவுல ஏழாவது மாடல், கூர் மூக்கு குண்டு, அத அடியில ரோமன் எண்ல அடிப்பாங்க, ஒரு வி, ரெண்டு ஐ. ரோமன விட்டுட்டு சாதாரண 7 போட ஆரம்பிச்சது போர் முடியற சமயத்துல. 43ல ரோமன் ஏழுதான் இருக்கணும். எங்க பீஸ்ல இருக்கறது ரேஷன் கார்டுல எழுதற மாதிரி சாதாரண ஏழு.

மறுபடியும் தேங்காண்ணெய் தடவி ஒரு வாரம் விட்டேன், மூங்கில் பல்குத்தியால களிம்ப கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன், ஷாப்புக்கு கொண்டு போய் லஞ்ச் டைம்ல மைக்ரோஸ்கோப் அடியில வச்சேன். நாலுன்னு நான் படிச்ச எழுத்தோட வயித்துல குங்குமம் அடைச்சிருந்துது. அது எடுத்ததும் வளைவு தெரிஞ்சுது. ஆறு. 63.

தாத்தாவுக்கு 1963ல கிட்டத்தட்ட அம்பது வயசு, சுத்தி பேரப்புள்ளைங்க வர்ற காலம், எந்த பட்டாளத்துலயும் இல்ல. 63க்கு அப்புறம் எங்க குடும்பத்துல த்ரீ நாட் த்ரீய கைல புடிச்சிருக்க வாய்ப்பு இருக்கற ஆளு யாருன்னு யோசிச்சேன். சீனா சண்டை முடிஞ்ச கையோட 1963ல காலேஜ் பசங்களுக்கு என்சிசிய கட்டாயம் ஆக்கினாங்க. பெரியப்பா 1947ல பொறந்தவரு. காலேஜ் படிச்சது சேலத்துல, அப்போ நம்ம தர்மபுரி பக்கம் எல்லாம் சேலம் ஜில்லாவுலதான இருந்துது, 1965 அக்டோபர்லதான் பிரிஞ்சுது, படிக்கணும்னா அங்கதான் போகணும்.

போன் போட்டேன். பெரியப்பாவுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம், ஆனா தோட்டான்னதும் நல்லா கேட்டுது. ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாரு. கேம்ப்ல ஆளுக்கு அஞ்சு ரவுண்டு குடுத்தாங்களாம், சுட்டதும் காலி கூட எண்ணி திருப்பி ஒப்படைக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் விட மாட்டாங்க. இவரு ஒண்ண சாக்ஸுக்குள்ள சொருகிட்டாரு. கணக்கு உதைச்சுது. யாரு எடுத்ததுன்னு யாரும் சொல்லல, மொத்த செட்டையும் ரைஃபிள தலைக்கு மேல தூக்கிட்டு வெயில்ல கிரவுண்ட சுத்த வச்சாங்களாம், ஒரு பையன் மயக்கம் போட்டு விழுந்துட்டானாம், அப்பவும் இவரு வாய திறக்கல. ஊருக்கு வந்ததும் பயத்துல தாத்தா டப்பாவுல போட்டு மூடிட்டாரு, அங்கதான் யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு. அடுத்த ஆயுத பூஜைக்கு டப்பா திறந்தப்போ தாத்தா அத எடுத்து பாத்தாராம், இவர ஒரு பார்வை பாத்தாராம், ஒண்ணும் கேக்காம அதுக்கும் ஒரு பொட்டு வச்சு உள்ள வச்சுட்டாராம்.

“அப்ப பர்மா கதைய யாரு பெரியப்பா ஆரம்பிச்சது”ன்னு கேட்டேன்.

“உங்கப்பன் அப்ப சின்னப்பையன், இது என்னன்னு நச்சரிச்சுனே இருந்தான், வாய்க்கு வந்தத சொன்னேன்”னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, குரல தாழ்த்தி, “ஏன்டா கண்ணு, இத எல்லாம் எங்கயாவது எழுதி கிழுதி வச்சிடாத. அந்த கூட்டுக்கு இப்ப யாரும் வந்து கணக்கு கேக்க மாட்டாங்கல்ல?”